புதன்கிழமைக் கறி

அத்தியாயம் 14

கம்பளிச் சட்டையில் வேறொரு பெண்ணின் வாசனை அடித்திருந்தால், அடுத்து என்ன செய்வது என்று யானினாவுக்குத் தெரிந்திருக்கும். சட்டையை வில்மாரின் முகத்தில் எறிந்திருப்பாள். இரண்டு நாள் பேசாமல் இருந்திருப்பாள். மூன்றாம் நாள் பேசியே அவனைக் கொன்றிருப்பாள்.

போன புதன்கிழமை கணவனின் சட்டையில் அடித்தது கறி வாசனை.

அதுவும் ஞாயிற்றுக்கிழமை வாசனை இல்லை. ஞாயிறன்று பைசாந்து ஊரின் ஆண்கள் அத்தனை பேரும் கொல்லையில் விறகை மூட்டி, கம்பி வலையில் மாட்டைக் கிடத்தி, சாப்பிட்டவர்களிடம் கைதட்டல் வாங்கிக்கொள்வார்கள். அது விறகுப் புகை. அன்றைக்கு ஊரே அப்படித்தான் நாறும். யாரையும் சந்தேகப்பட முடியாது.

வில்மாரின் சட்டையில் இருந்தது வேறு. காய்ந்த இரும்புக்கல்லில் கொழுப்பு உருகி எழும்புகிற புகை. வார நாளில், வேலை முடிந்து வந்து, வீட்டுக்குள் அவசரமாகச் சுட்டெடுக்கிற சுராஸ்கோ கறித்துண்டின் புகை. சாப்பிட்டவன் மேல் அது அவ்வளவாக ஏறாது. அடுப்புக்கு முன்னால் நின்றவன் மேல்தான் ஏறும்.

புதன்கிழமைகளில் கால்பந்து ஆடப் போவதாகச் சொல்லியிருந்தான் வில்மார். ஆட்டச் சட்டை வியர்வை இல்லாமல், மடித்த மடிப்புக் கலையாமல் திரும்பி வந்தது. கம்பளிச் சட்டை மட்டும் நெஞ்சுப் பக்கம் முழுக்கப் புகையோடு வந்தது.

கல்யாணமான இந்த ஆறு வருடத்தில் வார நாளில் அவன் ஒரு தக்காளி நறுக்கியதில்லை.

இன்னொருத்தியோடு படுத்திருந்தால்கூட ஒருவேளை மன்னித்திருப்பாள். அவன் இன்னொருத்திக்குச் சமைத்திருக்கிறான்.

இன்று மறுபடியும் புதன்.

*

யானினாவின் வேலை ஆற்றங்கரை இறைச்சி ஆலையில். மாடி ஆய்வுக்கூடத்தில் வெள்ளைக் கோட்டோடு உட்கார்ந்து, கீழே வெட்டியதில் கிருமி இருக்கிறதா என்று பார்ப்பாள். கீழே இருப்பவர்கள் அவளை டாக்டர் என்று கூப்பிடுவார்கள். அவள் டாக்டர் இல்லை, வேதியியல் படித்தவள். அது அவர்களுக்கும் தெரியும். தெரிந்துதான் கூப்பிடுகிறார்கள்.

அந்தக் கீழ்த்தளத்தில், எலும்பு நீக்கும் கூடத்தில்தான் அவள் அப்பா எபெர் கத்தி பிடித்து நின்றார், நெஞ்சு ஒத்துழைக்கிறவரை. போன வசந்தத்தில் அவரை அடக்கம் செய்துவிட்டு வந்து எல்லாரும் காபி குடித்துக்கொண்டிருந்தபோது, அம்மா சுல்மா மகளைப் பார்த்துச் சொன்னாள்.

"உன் படிப்புதான் உங்கப்பாவைத் தின்னுச்சு. உனக்காகத்தான் அந்த மனுஷன் ரெண்டு ஷிப்ட் நின்னாரு."

"நானா கேட்டேன்?" என்றாள் யானினா.

கோப்பைகள் நின்றன. யாரோ சர்க்கரை கேட்டார்கள். அவள் கோட்டை எடுத்துக்கொண்டு வெளியே வந்துவிட்டாள். அம்மா வா என்று கூப்பிடவில்லை. அவளும் திரும்பவில்லை. நடுவில் ஒரு கோடைக்காலம் போனது, இப்போது குளிர்காலம் வந்து உட்கார்ந்திருக்கிறது, இரண்டு பேரும் பேசவில்லை. வில்மார் ஒருமுறை "ஒரு போனாவது பண்ணேன்" என்றான். அவள் பார்த்த பார்வையில் அந்தப் பேச்சை அத்தோடு விட்டுவிட்டான்.

மத்தியானம் அவனுக்கு போன் செய்தாள். அவன் மோட்டார் சைக்கிள் பட்டறையில் இருந்தான். பின்னால் ஒரு வண்டி உறுமிக்கொண்டிருந்தது.

"இன்னிக்கு ஆட்டம் உண்டா?"

"உண்டே. எட்டு மணிக்கு."

"குளிருமே."

"ஓடினா சூடாயிடும்."

"யார் யார் வராங்க?"

வண்டிச் சத்தம் நின்றது. "எப்பவும் வர்றவங்கதான். ஏன்?"

"சும்மா கேட்டேன்."

ஆறு வருடத்தில் அவள் எதையும் சும்மா கேட்டதில்லை என்பது அவனுக்கு உறைத்திருக்க வேண்டும். உறைக்கவில்லை. ஆண்களுக்குப் பொய் சொல்கிற வேலையே பெரிதாக இருக்கிறது. மற்றவர்களைக் கவனிக்க நேரம் எங்கே.

*

வேலை முடிந்து கறிக்கடைக்குப் போனாள். கடைக்காரர் டார்வின் அவளைப் பார்த்ததும் கத்தியைத் துணியில் துடைத்தார்.

"டாக்டரம்மா, உங்க வீட்டுக்காரர் மத்தியானமே வாங்கிட்டாரே. சொல்லலையா?"

யானினாவின் முகம் அசையவில்லை. "மறந்திருப்பாரு. என்ன வாங்கினாரு?"

"புதன்கிழமைக் கறிதான். எலும்போட ரெண்டு, விலாவுல. கட்டைவிரல் கனம், ஒரு மயிரிழை குறையக்கூடாதுன்னு நின்னு பார்த்து வெட்டிக்கிட்டுப் போவாரு." பெருமையோடு சொன்னார். "ஆரம்பத்துல எனக்கே ஆச்சரியம். நீங்க எப்பவும் எலும்பு வேணாம், மெல்லிசா போடுங்கன்னுதானே சொல்வீங்க."

"எலும்பு இருந்தா சமமா வேகாது."

"வேகும் டாக்டரம்மா. அதுக்குக் கை வேணும்." சொன்ன பிறகுதான் டார்வினுக்கு, சொன்னது யாரிடம் என்று தோன்றியது. "உங்களுக்கு என்ன போடட்டும்?"

"ஒண்ணும் வேணாம்."

வெளியே வந்து தன் சின்ன ஸ்கூட்டரில் உட்கார்ந்தாள். சாவியைப் போடக் கை வரவில்லை.

கை வேணுமாம்.

அவள் கையில் கறி சாம்பல் நிறமாகிவிடும் என்பது உண்மை. மேல்பக்கம் எத்தனை டிகிரியில் சிவக்கும், ஏன் சிவக்கும், எந்தப் புரதம் எந்தச் சர்க்கரையோடு சேரும் என்று கரும்பலகையில் எழுதிக் காட்டுவாள். கல்லில் போட்டால் கறி தண்ணீர் விட்டுக்கொண்டு அந்தத் தண்ணீரிலேயே கிடந்து வெந்து, பழைய துடைப்பத் துணிபோல வெளுத்து எழுந்திருக்கும். வில்மார் அதன் மேல் கடுகுச் சாந்தைக் கொட்டி மௌனமாகத் தின்பான். ஒரு வார்த்தை குறை சொன்னதில்லை. அதை இத்தனை நாள் அன்பு என்று நினைத்துக்கொண்டிருந்தாள். வாரத்தில் ஒருநாள் வெளியே நல்லதாகத் தின்கிறவனுக்கு மற்ற நாட்களில் பொறுமையாக இருப்பது என்ன பெரிய விஷயம்.

எலும்போடு இரண்டு. ஒன்று அவனுக்கு. இன்னொன்று?

ரொசானா, என்றது மனம். வேறு பெயரைத் தேடக்கூட இல்லை. வில்மார் கல்யாணத்துக்கு முன்னால் மூன்று வருடம் சுற்றிய பெண். வீட்டின் முன்னறையிலேயே முடிவெட்டும் கடை வைத்திருக்கிறாள். பட்டறைக்காரரின் பிறந்தநாள் விருந்தில், எல்லார் முன்னாலும் வில்மாரின் பிடரியைத் தடவி, "இதை எவன் வெட்டினான்? என்கிட்ட வா, சரி பண்றேன்" என்று சொன்னவள்.

*

ஏழரைக்கு வில்மார் கால்பந்துப் பையைத் தோளில் மாட்டினான். கம்பளிச் சட்டையைத் துவைத்துப் போட்டிருந்தாள். அதையே போட்டுக்கொண்டான்.

"சாப்பிட்டுடு, எனக்காகக் காத்திருக்காத" என்று அவள் நெற்றியில் முத்தமிட்டான்.

"நீ?"

"முடிஞ்சதும் பசங்களோட ஏதாவது தின்னுக்குவேன்."

அவன் வண்டிச் சத்தம் தெருமுனையில் திரும்பியதும் அவள் தலைக்கவசத்தை மாட்டினாள்.

ஆட்ட மைதானம் மேட்டுப் பக்கம். அவன் வண்டி பள்ளத்தை நோக்கி இறங்கியது. பாழடைந்த ரயில் தண்டவாளத்தைத் தாண்டி, ஆலைத் தொழிலாளிகளின் பழைய குடியிருப்புப் பக்கம் போனது. யானினா பிறந்து வளர்ந்த பேட்டை அது. ரொசானாவின் கடையும் அங்கேதான்.

எட்டு மணிக்கு அந்தப் பேட்டையில் எல்லா ஜன்னல்களும், எவ்வளவு குளிரானாலும், ஒரு சாண் திறந்திருக்கும். உள்ளே கல் காய்ந்துகொண்டிருக்கும். தெருவெங்கும் வீட்டுக்கு வீடு கறி கல்லில் விழும் சத்தம். யானினா நேரே பார்த்துக்கொண்டு ஓட்டினாள். பக்கவாட்டில் பார்த்தால் தெரிந்த முகம் ஏதாவது வந்து தொலைக்கும்.

வில்மார் ஒரு திருப்பத்தில் மறைந்தான். ரொசானாவின் தெரு.

அவள் வண்டியை நிறுத்தி, இறங்கி, தலைக்கவசத்தைக் கழற்றாமல் சுவரோரமாக நடந்தாள். ரொசானாவின் வாசலில் விளக்கு எரிந்தது. வில்மாரின் வண்டியைக் காணோம். ரொசானாதான் இருந்தாள். வாசல்படியில் போர்வை போர்த்தி உட்கார்ந்து, சுரைக்குடுவையில் மாத்தே இலைத் தேநீரை உறிஞ்சிக்கொண்டிருந்தாள்.

"டாக்டரம்மா" என்றாள் ரொசானா. "அந்தத் தலைக்கவசத்தோட என் கடைக்கு வந்தா முடி எப்படி வெட்டறது?"

யானினா அதைக் கழற்றினாள். மறைந்து நிற்பவளை அடையாளம் கண்டு கூப்பிட்ட பிறகு மறைவதற்கு என்ன இருக்கிறது.

"வில்மார் எங்க?"

ரொசானா உறிஞ்சுவதை நிறுத்தினாள். அவளை மேலும் கீழும் பார்த்தாள். பிறகு மெதுவாக, ரொம்ப ரசித்து, சிரிக்க ஆரம்பித்தாள்.

"ஐயோ கடவுளே. என்கூடன்னு நினைச்சியா?"

"எங்கன்னு கேட்டேன்."

"என்கூட மூணு வருஷம் இருந்தான். ஒரு முட்டை அவிச்சுத் தந்ததில்ல. நான் காய்ச்சலோட கிடந்தப்போ சமையலறை எந்தப் பக்கம்னு என்கிட்டயே கேட்டான். நீ என்னடான்னா..." வார்த்தையை முடிக்கவில்லை. சிரிப்பு மட்டும் கொஞ்சம் தணிந்தது. "உனக்கு நிஜமாவே தெரியாதா?"

"என்ன தெரியாதா?"

"இந்தத் தெருவுல நாய்க்குக்கூடத் தெரியும் யானினா. அவன் வண்டி எந்த வாசல்ல நிக்குதுன்னு போய்ப் பாரு. கோடியில, நீலக் கதவு."

யானினா தெருக்கோடியைப் பார்த்தாள்.

நீலக் கதவுக்கு அவள் அப்பா வண்ணம் அடித்தபோது, டப்பாவைத் தூக்கிப் பிடித்தவள் அவள்தான்.

"எவ்வளவு நாளா?"

"குளிர் ஆரம்பிச்சதுல இருந்து. புதன் தவறாது." ரொசானா மாத்தேயை நீட்டினாள். "சூடா இருக்கு. ஒரு வாய் குடிச்சிட்டுப் போ. இந்த மூஞ்சியோட போகாத."

யானினா வாங்கிக் குடித்தாள். எதற்கு வாங்கினோம் என்று அவளுக்கே தெரியவில்லை. அந்த நிமிடம் திரும்பிப் போயிருக்கலாம். பிடிக்க வந்தது நடக்கவில்லை, கணவன் யோக்கியன், வண்டியை எடுத்து வீட்டுக்குப் போய் நிம்மதியாகத் தூங்கலாம்.

நிம்மதி வரவில்லை. வந்தது முன்பைவிட மோசமான ஒன்று.

*

ஜன்னல் திறந்திருந்தது, ஒரு சாண். திரை ஒதுங்கியிருந்தது.

வில்மார் அடுப்புக்கு முன்னால் நின்றான். இரண்டு பர்னரையும் மூடிப் படுத்திருந்தது அந்தக் கறுத்த இரும்புக்கல். கறியிலிருந்து அரிந்த கொழுப்புத் துண்டை முள்கரண்டியில் குத்தி, கல்லெங்கும் தேய்த்துக்கொண்டிருந்தான். எண்ணெய் கிடையாது. புகை கிளம்பியது.

மேஜைப் பக்கம் நாற்காலியை அடுப்புக்கு எதிராகத் திருப்பிப் போட்டு, ஆட்டம் பார்க்கிறவள்போல உட்கார்ந்திருந்தாள் சுல்மா. வலது மணிக்கட்டில் மாவுக்கட்டு. முடி இன்னும் நரைத்திருந்தது.

"இன்னும் காயணும்" என்றாள்.

"புகையுதே அத்தை."

"புகையட்டும். நீ ஏன் பயப்படறே, வீடு என்னோடது."

அவன் கறியை எடுத்தான். எலும்புப் பக்கம் கீழே இருக்கும்படி இரண்டையும் ஒன்றோடொன்று சாய்த்து நிமிர்த்தி நிறுத்தினான், புத்தகங்களை அடுக்குவது போல. எலும்பு காய்ந்ததும் படுக்க வைத்தான். சடசடவென்று தெருவரைக்கும் கேட்டது. கல்லுப்பை அள்ளித் தூவினான். உடனே கரண்டியோடு குனிந்தான்.

"குத்தாத. அது என்ன உன் எதிரியா?"

"ஒட்டிக்கிச்சான்னு பார்த்தேன்."

"ஒட்டிக்கும். வெந்தா தானா விடும். கையை எடு. கட்டிக்கிட்டவகிட்டதான் பொறுமையா இருக்க, கறிகிட்டயும் இரேன்."

"போன வாரமும் இதையேதான் சொன்னீங்க."

"போன வாரமும் இதையேதான் செஞ்ச."

வில்மார் சிரித்தான். அவளும் சிரித்தாள். சுல்மாவின் சிரிப்பு மூக்கில் ஆரம்பித்து, தோளைக் குலுக்கி, கடைசியில்தான் வாய்க்கு வரும். அப்பா இருந்த காலத்துச் சிரிப்பு. அது செத்துப்போய்விட்டது என்று யானினா முடிவுகட்டி வைத்திருந்தாள். அது சாகவில்லை. புதன்கிழமைதோறும் இங்கே நடந்துகொண்டிருக்கிறது. வேறொருவருக்காக.

அந்தக் கல்.

ஏழு வயதில், பத்து வயதில், பதினாலு வயதில், அவள் அந்தக் கல்லுக்குப் பக்கத்தில் போய் நின்றபோதெல்லாம் அம்மாவின் முழங்கை வந்து விலாவில் இடிக்கும். "தள்ளு. உனக்கு எதுக்கு இது? போய் புத்தகத்தை எடு." கொழுப்பு தேய்க்கிறேன் என்பாள். உப்பு போடுகிறேன் என்பாள். தள்ளு. பேட்டையில் மற்ற பெண்கள் எல்லாரும் அம்மாவின் இடுப்போடு இடுப்பாக நின்று கறி திருப்பினார்கள். அவள் மேஜையில் உட்கார்ந்து, அம்மாவின் முதுகைப் பார்த்துக்கொண்டே வாய்ப்பாடு படித்தாள்.

ஒருநாளும் விட்டதில்லை. இப்போது வில்மாரை நிறுத்தியிருக்கிறாள். பொய் சொல்லிவிட்டு, கால்பந்துப் பையில் கறியை ஒளித்து எடுத்துக்கொண்டு வருகிறவனை.

உள்ளே புகை கனத்தது. சுல்மா இருமினாள். "ஜன்னலை முழுசாத் திற, செத்துடுவோம் போல."

வில்மார் திரும்பி ஜன்னலைத் தள்ளினான். எதிரே, கையெட்டும் தூரத்தில், பெண்டாட்டி.

கரண்டி அவன் கையிலேயே இருந்தது. "யானி" என்றான்.

"யாரு?" என்றாள் சுல்மா.

"யானி."

வில்மார் ஜன்னலிலிருந்து ஒதுங்கி நின்றான்.

"ஜன்னல் வழியா எதுக்கு எட்டிப் பார்க்கறா, திருட வந்திருக்காளா?" சுல்மா திரும்பவில்லை. "கதவு சாத்தித்தான் இருக்கு, பூட்டல."

*

சமையலறை சின்னது. மூன்று பேர் நின்றால் யாராவது சுவரில் சாய வேண்டும். யானினா சாயவில்லை.

"கைக்கு என்னாச்சு?"

"விழுந்தேன். உடைஞ்சுது."

"எப்போ?"

"கட்டே பிரிக்கற நேரம் வந்தாச்சு. இப்பக் கேளு."

"எனக்கு யாரும் சொல்லல."

"சொல்ல வேண்டியவங்களுக்குச் சொன்னேன்."

யானினா அந்தச் சொல்ல வேண்டியவனைப் பார்த்தாள். வில்மார் கறியைப் பார்த்தான்.

"நீ சொல்லு" என்றாள்.

"கேஸ் ஹீட்டர் புகையுதுன்னு போன் பண்ணாங்க. வந்து சரி பண்ணேன். போகும்போது, சாப்பிட்டுப் போன்னு அத்தை ரெண்டு துண்டு போட்டாங்க." தயங்கினான். "நல்லா இருந்துது."

"நல்லா இருந்துது."

"ஆமா."

"அதனால அடுத்த புதனும் வந்த."

"ஆமா."

"கை உடைஞ்சதும்?"

"அத்தையால கரண்டி பிடிக்க முடியல. நான் நின்னேன்."

இவ்வளவுதான். வேறு காரணம் சொல்வான் என்று காத்திருந்தாள். பாவம் தனியாக இருக்கிறார்கள், உங்கள் இருவரையும் சேர்த்துவைக்க நினைத்தேன், இப்படி ஏதாவது. அப்படிச் சொல்லியிருந்தால் கத்த வசதியாக இருந்திருக்கும். அவன் பசியைச் சொன்னான்.

"ஆறு வருஷம் என் சமையலை வாயைத் திறக்காமத் தின்னியே."

"சொன்னா அழுவியேன்னுதான்."

"நான் எப்ப அழுதிருக்கேன்?"

"அழ மாட்ட. கத்துவ."

சுல்மாவின் மூக்கிலிருந்து ஒரு சத்தம் வந்தது. தோள் குலுங்கப் பார்த்தது, அவளே அடக்கிக்கொண்டாள். அதைப் பார்த்ததும் யானினாவுக்கு முகம் சுட்டது.

"என்கிட்ட சொல்லாதேன்னு சொன்னது யாரு?"

"நான்தான்" என்றாள் சுல்மா. "சொன்னா, ஒண்ணு இவனை வர விடமாட்ட. இல்ல, இவன் இழுத்த இழுப்புக்கு நீயும் வந்து நிப்ப. ரெண்டும் எனக்கு வேணாம்." மாவுக்கட்டை மேஜைமேல் வைத்தாள். "மாப்ள, திருப்பு."

யானினா கையை நீட்டினாள். "குடு. நான் திருப்பறேன்."

சுல்மா நாற்காலியில் இருந்தபடியே இடது கையால் மகளின் இடுப்பை ஒதுக்கினாள். யோசித்துச் செய்ததில்லை அது. கை தானாகச் செய்தது. வாயும் தானாகச் சொன்னது.

"தள்ளு. உனக்கு எதுக்கு இது?"

யானினா தள்ளவில்லை.

"இந்த வார்த்தையை மட்டும் இனிமே சொல்லாதம்மா." குரல் உயரவில்லை. அதனால் வில்மார் பயந்தான். "இந்தக் கல்லுப் பக்கம் ஒரு நாள், ஒரே ஒரு நாள், என்னை நிக்க விட்டிருக்கியா? புத்தகத்தை எடுன்ன. எடுத்தேன். பரீட்சை எழுதுன்ன. எழுதினேன். படிக்க மொந்தேவிதேயோ போன்ன. போனேன். நீ தள்ளின பக்கம்தான் போனேன், என் இஷ்டத்துக்கு ஒரு அடி வைக்கல. போய்ச் சேர்ந்த பிறகு, ஊரைக் கூட்டி உட்கார வச்சு, அந்தப் படிப்புதான் அப்பாவைத் தின்னுச்சுன்ன. யாரு ஊட்டினா அந்தப் படிப்பை? அப்பா மட்டுமா? இப்ப இவனை நிக்க வச்சு, இவன்கூட சிரிக்கற. எனக்குக் கறி சுடக்கூட வராது. ஊர்ல கறிக்கடைக்காரன் சொல்றான், கை வேணுமாம். அந்தக் கையை யாரு எடுத்தா?"

கல்லிலிருந்து வந்த புகையின் நிறம் மாறியது. வில்மார் கறியைப் பார்த்தான், மனைவியைப் பார்த்தான், மாமியாரைப் பார்த்தான்.

"கருகுது" என்றான் மெதுவாக.

யாரும் அவன் பக்கம் திரும்பவில்லை.

சுல்மா மாவுக்கட்டின் ஓரத்தில் பிரிந்திருந்த நூலை இடதுகை விரலால் சுற்றிக்கொண்டிருந்தாள். அப்படிச் சொன்னது தப்பு என்று சொல்வாள் என்று யானினா எதிர்பார்க்கவில்லை. அந்த வீட்டில் அந்த வார்த்தைக்குப் புழக்கம் இல்லை.

"எதுக்கு வந்த?" என்றாள் சுல்மா. "என்னைப் பார்க்கவா, இவனைப் பிடிக்கவா?"

உன்னைப் பார்க்கத்தான் என்று சொல்லியிருக்கலாம். ஒரு நாற்காலி கிடைத்திருக்கும். யானினாவுக்கு அப்படியெல்லாம் பேச வராது.

"தெருமுனை வரைக்கும் இவனைப் பிடிக்கத்தான் வந்தேன். அதுக்கப்புறம் எதுக்கு வந்தேன்னு தெரியல."

சுல்மா தலையசைத்தாள். அந்தப் பதில் போதுமா, போதாதா என்று முகத்தில் தெரியவில்லை.

"இன்னிக்கு ரெண்டு துண்டுதான். ரெண்டும் ஒரு பக்கம் கரியாச்சு. எங்களுக்கே காணாது." நூலைப் பட்டென்று அறுத்தாள். "நாளைக்கு வியாழன். வியாழக்கிழமை இவன் வர்றதில்ல."

அவ்வளவுதான் சொன்னாள். நாற்காலியை மேஜைப் பக்கம் திருப்பிக்கொண்டாள்.

*

வில்மார் வாசல்வரை பின்னாலேயே வந்தான். சட்டை முழுக்கப் புகை.

"யானி. கோபமா?"

"உள்ள போ."

"நான் தப்பு ஒண்ணும் பண்ணல. பொய் சொன்னேன், அது சரி. தப்பு பண்ணல."

"ரொசானா வீட்டுல இருந்திருந்தா உன்னை அடிச்சுட்டு நிம்மதியாப் போயிருப்பேன்."

"ரொசானாவா?" நிஜமாகவே திகைத்தான். "அங்க எதுக்கு? அவளுக்குச் சமைக்கத் தெரியாதே."

அவள் ஸ்கூட்டரைத் தாங்கியிலிருந்து தள்ளினாள். நாளைக்கு வந்தால் அந்தக் கல்லின் முன்னால் நிற்க விடுவாளா, இல்லை வெறும் நாற்காலியா? நாற்காலி மட்டும் என்றால் வரக்கூடாது. அதை நினைக்கும்போதே, உள்ளே அவன் நின்ற இடம் மனதில் வந்தது. கால் இரண்டையும் அகட்டி, தன் வீடு மாதிரி நின்றானே.

"அடுத்த புதன் நீ இங்க வரக்கூடாது."

ஆறு வருடத்தில் அவள் வேண்டாம் என்றது எதையும் வில்மார் செய்ததில்லை. அவள் விரும்பாத நண்பர்களை விட்டிருக்கிறான். மீசையை எடுத்திருக்கிறான்.

"வருவேன்" என்றான்.

"என்ன?"

"வருவேன் யானி. வியாழக்கிழமையை நீ எடுத்துக்கோ. வெள்ளி, சனி எல்லாத்தையும் எடுத்துக்கோ. புதன் என்னோடது."

சண்டைக்கு வந்தவன் முகமாக இல்லை அது. சாமானைத் தொலைக்க விரும்பாதவன் முகம். அவளுக்கு அதுதான் தாங்கவில்லை.

உள்ளேயிருந்து சுல்மாவின் குரல் வந்தது. "மாப்ள, ஆறுது."

அவன் உடனே திரும்பி நடந்தான். நீலக் கதவு திறந்து, மஞ்சள் வெளிச்சம் கொஞ்சம் சிந்தி, சாத்திக்கொண்டது.

யானினா வண்டியைக் கிளப்பவில்லை. தலைக்கவசத்தை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள், அந்தக் குரல் இன்னொரு பெயரையும் கூப்பிடுமா என்று.